83 பெரிதா, 65 பெரிதா? சொவெட்டோ தடுப்பூசி ஆய்வு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடிய பிறகு, இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். அவளுடைய மூத்த பையன் என்னிடம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். "அங்கிள், நீங்க லேப்ல வேலை பார்த்தவர்தானே? இவளுக்கு ஆறு வாரத்துல வலது தொடையில ஒரு ஊசி போட்டாங்க. பதினாலு வாரத்துல அதே ஊசி மறுபடியும். ஒன்பது மாசத்துல இன்னொரு தடவை வரணுமாம். ரெண்டு தடவை போட்டது போதாதா?"

போதாதும்மா என்று ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த நிமோகாக்கஸ் ஊசி நம் குழந்தைகளின் தொடைக்கு வந்து சேர நூறு வருடம் ஆனது, அதில் பெரும்பகுதி நம் நாட்டு மண்ணிலேயே நடந்தது, அது நம் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவளிடம் பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நிகழ்வு ஆய்வு என்றால் ஒரு நோயாளியின் கதை என்று நினைக்க வேண்டாம். நான் எடுத்துக்கொண்ட நிகழ்வு ஓர் ஆய்வு: ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவில் ஏறக்குறைய நாற்பதாயிரம் குழந்தைகளை வைத்து நடந்த நிமோகாக்கஸ் தடுப்பூசி ஆய்வு.

எதிரி யார்

டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் என் ஆயா, அதாவது பாட்டி, ஏழு பிள்ளை பெற்றாள். அதில் இரண்டு "நெஞ்சுல சளி இறங்கிப்" போனவை. நிமோனியா என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஓமவல்லிச் சாறு, தேங்காய் எண்ணெயில் சூடம் கரைத்துத் தேய்ப்பது, அப்புறம் மாரியம்மனுக்கு ஒரு நேர்த்தி. அவ்வளவுதான் அப்போது கைவசம் இருந்தது. அந்த இரண்டு குழந்தைகளையும் கொண்டுபோனது இந்தக் கிருமிதானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் நெஞ்சுச்சளிக்குக் குழந்தைகள் செத்த இடத்திலெல்லாம் இதன் கை இருந்தது.

நிமோகாக்கஸ் என்பது நல்ல உடம்போடு ஓடியாடும் குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா, இரத்தத்தில் கலந்தால் இரத்தத் தொற்று, மூளையுறைக்குப் போனால் மூளைக்காய்ச்சல். லேபில் இரத்த அகார் தட்டில் வளர்த்தால் சுற்றிலும் பச்சை பூத்து, ஒவ்வொரு குவியலும் நடுவில் குழிந்து, டிராஃப்ட்ஸ் ஆட்டத்துக் குட்டித் தட்டைக் காய் மாதிரி இருக்கும். பார்க்க அழகாகவே இருக்கும், சொல்ல வெட்கமாக இருந்தாலும்.

இதற்கு ஒரு குணம் உண்டு: தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும். மாதிரி எடுத்து நேரம் கடந்தால் கிருமி செத்துப்போய், "வளர்ச்சி இல்லை" என்று முடிவு வரும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த இரத்தப் புட்டிகளைச் சில சமயம் திங்கட்கிழமைதான் இன்குபேட்டரில் வைப்பார்கள். ஆள் போதாது, கேட்டால் கோபம் வரும். அங்கே நாங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய "வளர்ச்சி இல்லை"களில் எத்தனை பொய் என்று இன்றைக்கும் சில இரவுகளில் நினைப்பு வரும். போதாததற்கு, ஆஸ்பத்திரிக்கு வருமுன்னே வழியில் ஒரு டோஸ் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் குடித்த குழந்தையின் இரத்தத்திலும் ஒன்றும் வளராது. இந்தச் சமாச்சாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

தங்கச் சுரங்கத்தில் தொடங்கிய கதை

1911இல் ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்க முதலாளிகள் லண்டனிலிருந்து ஆல்ம்ராத் ரைட்டை வரவழைத்தார்கள். டைஃபாய்டு தடுப்பூசியால் பேர் வாங்கியவர். சுரங்கத்துக்குப் புதிதாக வந்து இறங்கிய ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள், அதிலும் வெப்ப நாடுகளிலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள், நிமோனியாவில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளிகளுக்கு வந்த கவலை கருணையால் மட்டும் வந்தது என்று நான் எழுதப் போவதில்லை. ரைட் கிருமியைக் கொன்று, முழுதாக அப்படியே ஊசியில் ஏற்றி, ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்டார். பலன் உண்டு என்று அவர் எழுதினார். யாரோடு யாரை ஒப்பிட்டார் என்று தோண்டிப் பார்த்தால் அந்தப் பலன் கையில் நிற்கவில்லை.

அவரோடு வேலை செய்த ஸ்பென்சர் லிஸ்டர் இங்கேயே தங்கிவிட்டார். நோயாளிகளின் இரத்த நீரைக் கிருமிகளோடு சேர்த்துப் பார்த்துப் பார்த்து, நிமோகாக்கஸ் என்பது ஒரே கிருமி இல்லை, பல வகை, ஒரு வகைக்கு எதிராக உடம்பு கற்ற பாடம் இன்னொரு வகையிடம் செல்லாது என்று கண்டுபிடித்தார். இன்றைய கணக்கில் அந்த வகைகள் நூறுக்கும் மேல். வித்தியாசம் எல்லாம் கிருமி போர்த்தியிருக்கும் சர்க்கரை உறையில்தான்.

அப்புறம் பெனிசிலின் வந்தது, எல்லோரும் தடுப்பூசியை மறந்தார்கள். மறக்காத ஒருவர் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஆஸ்ட்ரியன். 1970களில் அவரும் அதே சுரங்கங்களுக்குத்தான் வந்தார். இந்த முறை முழுக் கிருமி இல்லை, சுத்தம் செய்த உறைச் சர்க்கரை மட்டும். ஊசியில் இருந்த வகைகளால் வரும் நோய் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்தது. 1977இல் 14 வகைகளுக்கான தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆக, சுரங்கத் தொழிலாளியின் கையில் சோதித்ததை அமெரிக்கத் தாத்தா பாட்டிகள் போட்டுக்கொண்டார்கள்.

அதே 1977இல்தான் எங்கள் டர்பனிலிருந்து அந்தச் செய்தி போனது. பெனிசிலினுக்கும் குளோராம்பெனிகாலுக்கும் அசையாத நிமோகாக்கஸ், குழந்தைகளிடம். பீட்டர் ஆப்பெல்பாமும் அவருடைய கூட்டாளிகளும் லான்செட் இதழில் எழுதினார்கள். மறு வருடம் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து, இன்னும் பல மருந்துகளுக்கு அடங்காதது பற்றிய அறிக்கை வந்தது. நான் லேபுக்குள் நுழைந்தது அதற்கெல்லாம் பிறகு, ஆனால் பெரியவர்கள் அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். கிருமி வளரும் தட்டில் வைத்த ஆக்சசிலின் (பெனிசிலின் வகை மருந்து) வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வெறுமை வட்டம் சின்னதாக இருந்தால் உடனே தலைமை ஆளைக் கூப்பிட வேண்டும் என்பது நான் கற்ற முதல் பாடங்களில் ஒன்று. மருந்து கைவிட்டால் என்ன மிச்சம்? வராமல் தடுப்பதுதான் மிச்சம்.

குழந்தைக்கு ஏன் வேறு ஊசி

ஆஸ்ட்ரியனின் ஊசியை அப்படியே குழந்தைக்குப் போட்டால் என்ன? பிரயோஜனம் இல்லை. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள உடம்பு வெறும் சர்க்கரைச் சங்கிலியைப் பார்த்துப் பெரிதாக எதிர்ப்பு காட்டாது. கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியைச் செய்யும் பி செல்கள் சர்க்கரையைத் தொட்டுப் பார்க்கும், சரி, ஆனால் அவற்றை உசுப்பிவிடும் டி செல்களுக்குச் சர்க்கரை கண்ணில் படாது, புரதத் துண்டுகள்தான் தெரியும். டி செல்லின் துணை இல்லாவிட்டால் ஞாபகமும் தங்காது.

கசப்பு மருந்தை வெல்லத்தில் வைத்துக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். இங்கே அது தலைகீழ்: சர்க்கரையை ஒரு புரதத்தோடு கட்டிக் கொடுக்கிறார்கள். டிப்தீரியா நஞ்சின் விஷமில்லாத ஒரு வடிவம் அந்தப் புரதம், பெயர் சிஆர்எம்197. பி செல் சர்க்கரையைப் பிடிக்கும்போது ஒட்டியிருக்கும் புரதமும் கூடவே உள்ளே போகும், அதை வெட்டி டி செல்லிடம் காட்டும், டி செல் துணைக்கு வரும், ஆன்டிபாடியும் பிறக்கும், ஞாபக செல்லும் பிறக்கும். யோசனை பழையது, 1930 வாக்கிலேயே ஏவரி, கோபெல் என்ற ஆய்வாளர்கள் முயல்களில் செய்து காட்டியதுதான். குழந்தைக்கான ஊசியாக வர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

சொவெட்டோ

இனிதான் நிகழ்வு. பாரக்வனாத் ஆஸ்பத்திரியை மையமாக வைத்து 1998இல் கீத் க்ளுக்மனும், அப்போது இளம் குழந்தை மருத்துவராக இருந்த ஷபீர் மாதியும், அவர்களுடைய குழுவும் ஆய்வைத் தொடங்கினார்கள். ஊசியில் ஒன்பது வகைகள். 6, 10, 14 வாரங்களில் மூன்று டோஸ். பாதிக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி, பாதிக்கு மருந்தில்லாத வெற்று ஊசி, யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, ஊசி போட்டவர்களுக்கும் தெரியாது. மொத்தம் 39,836 குழந்தைகள்.

காலத்தையும் பாருங்கள். எச்.ஐ.வி. இந்த நாட்டைத் தின்றுகொண்டிருந்த வருடங்கள் அவை. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவாமல் தடுக்கும் மருந்தை அரசு தர வேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னதே 2002இல்தான். ஆய்வில் சேர்ந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஆறேழு பேருக்கு அந்தத் தொற்று இருந்தது என்று கணக்கு. வேறொரு நாட்டு ஆய்வாளராக இருந்தால் "கணக்கைக் குழப்பும், வெளியே வைப்போம்" என்று சொல்லியிருப்பார். இவர்கள் உள்ளே வைத்தார்கள். என்னைக் கேட்டால், இந்த ஆய்வின் உயிரே அந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது.

முடிவுகள் 2003இல் வந்தன. எச்.ஐ.வி. இல்லாத குழந்தைகளில், ஊசியில் இருந்த வகைகளால் வரும் கடும் நோய் (இரத்தத்திலோ தண்டுவட நீரிலோ கிருமி கிடைத்தது) 83% குறைந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களில் 65%. செய்தியைப் படித்தவர்கள் எல்லாம், "பாவம், அந்தக் குழந்தைகளுக்கு ஊசி அவ்வளவாக வேலை செய்யவில்லை" என்றுதான் சொன்னார்கள். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன், ஒளிப்பானேன்.

சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். எச்.ஐ.வி. இல்லாதவர்களில் வெற்று ஊசி போட்ட பக்கம் 17 குழந்தைகளுக்கு நோய், தடுப்பூசிப் பக்கம் 3. தப்பித்தது 14. எச்.ஐ.வி. உள்ளவர்களில் 26, 9. தப்பித்தது 17. முதல் 14 பேரும் ஏறக்குறைய 37,000 குழந்தைகளுக்குள்ளிருந்து, இரண்டாவது 17 பேரும் ஏறக்குறைய 2,500 குழந்தைகளுக்குள்ளிருந்து! பலன் குறைவு என்று பெயர் வாங்கிய கூட்டத்தில்தான் ஊசி அதிகம் பேரைக் காப்பாற்றியிருக்கிறது, அதுவும் பதினைந்தில் ஒரு பங்கு கூட்டத்தில். ஏன்? அந்தக் குழந்தைகளுக்கு நோய் வரும் வாய்ப்பே பல மடங்கு. கூரை முழுக்க ஒழுகும் வீட்டில் பாதி ஓட்டை அடைத்தால் மிஞ்சும் நெல், ஒரே ஓட்டை உள்ள வீட்டில் அந்த ஒன்றை அடைத்து மிஞ்சுவதைவிட அதிகம். 83 பெரிதா 65 பெரிதா என்பது தப்பான கேள்வி. எத்தனையில் 83, எத்தனையில் 65 என்று கேட்க வேண்டும். இன்றைக்கும் ஏதாவது தடுப்பூசிக்கு "அறுபது சதவீதம்தானாம்" என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் நான் இந்த நான்கு எண்களைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, டர்பன்காரனுக்குச் சந்தோஷம் தரும் செய்தி. பெனிசிலினுக்கு அடங்காத வகைகளால் வரும் கடும் நோய் 67% குறைந்தது. குழந்தைகளின் மூக்கில் ஒட்டிக்கொண்டு, அடிக்கடி ஆன்டிபயாட்டிக்கைப் பார்த்துப் பார்த்துத் தேறிய வகைகள்தான் பெரும்பாலும் அந்த ஒன்பதில் இருந்தன.

ஊசியையே துப்பறிய விட்டது

முன்னால் ஞாபகம் வைக்கச் சொன்னேனே, இரத்தத்தில் கிருமி வளராத சமாச்சாரம், அதற்கு இப்போது வருவோம். நிமோனியாவோடு வரும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களின் இரத்தத்தில் ஒன்றுமே கிடைக்காது. அப்படியானால் அந்த நிமோனியாவில் நிமோகாக்கஸின் பங்கு எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாதியும் க்ளுக்மனும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். இந்த ஊசிக்கு நிமோகாக்கஸின் ஒன்பது வகைகளைத் தவிர வேறு எதையும் தடுக்கத் தெரியாது. ஆகவே ஊசி போட்ட பக்கம் ஏதாவது ஒரு நோய் குறைந்தால், குறைந்த அளவுக்கு அதில் நிமோகாக்கஸ் இருந்தே இருக்கிறது, எங்கள் தட்டில் வளர்ந்தாலும் சரி வளராவிட்டாலும் சரி. எக்ஸ்ரேயில் நுரையீரல் கட்டிப்போனது தெரியும் நிமோனியா, எச்.ஐ.வி. இல்லாதவர்களில் 20% குறைந்தது. சின்ன எண்தான், ஆனால் நிமோனியா குழந்தைகளுக்கு அவ்வளவு அதிகமாக வருவதால் தலைக்கணக்கில் அது பெரியது.

2004இல் வந்ததுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. ஃப்ளூ, ஆர்எஸ்வி போன்ற வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டு, "வைரஸ் நிமோனியா" என்று சீட்டு ஒட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தைகள். அந்தச் சேர்க்கையும் தடுப்பூசிப் பக்கம் 31% குறைந்திருந்தது. பாக்டீரியாவுக்கான ஊசி வைரஸ் நிமோனியாவை எப்படிக் குறைக்கும்? வைரஸ் கதவைத் திறந்துவிட, பின்னாலேயே நிமோகாக்கஸ் உள்ளே நுழைகிறது. நாங்கள் முதலில் வந்த திருடனைப் பிடித்துவிட்டு வழக்கை முடித்துவிட்டோம். ஒரு லேப்காரனாக இதைப் படித்தபோது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

கைக்கு வர ஆறு வருடம்

2003இல் முடிவு வந்தது, 2009இல்தான் தேசியத் திட்டத்தில் ஊசி வந்தது. சொவெட்டோவில் சோதித்த ஒன்பது வகை ஊசி சந்தைக்கு வரவே இல்லை. வந்தது ஏழு வகை, அதில் ஆப்பிரிக்காவில் முக்கியமான 1, 5 என்ற வகைகள் இல்லை. 2011இல் 13 வகை ஊசிக்கு மாறியபோது அவை இரண்டும், 19ஏ போன்ற வேறு சிலவும் சேர்ந்தன. ஏழை நாடுகளுக்கு விலை குறைத்துத் தரும் பன்னாட்டு உதவி நமக்குக் கிடையாது, நாம் நடுத்தர வருமான நாடாம். முழுக்க நம் பணம்தான். அரசைக் குறை சொல்வது சுலபம், ஆனாலும் ஆப்பிரிக்காவில் முதலில் தொடங்கிய நாடுகளில் நாமும் ஒன்று.

பலன்? ஆன் ஃபான் காட்பெர்க் குழுவினர் நாடு முழுக்க எடுத்த கணக்கு: இரண்டு வயதுக்குள் உள்ளவர்களில் கடும் நிமோகாக்கஸ் நோய், ஊசிக்கு முந்திய வருடங்களில் லட்சத்துக்கு 54.8, 2012இல் 17.0. அதே வருடங்களில் எச்.ஐ.வி. மருந்தும் பரவலானது, அதனால் குறைந்ததோ என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. எச்.ஐ.வி. இல்லாத குழந்தைகளைத் தனியே பிரித்துப் பார்த்தும் ஊசியில் உள்ள வகைகள் விழுந்திருந்தன. ஊசியே போடாத 25 முதல் 44 வயதுக்காரர்களிலும், முதல் ஏழு வகைகளால் வரும் நோய் 57% குறைந்தது. குழந்தையின் மூக்கில் அந்த வகைகள் குடியேற இடம் இல்லை, அதனால் குழந்தையை முத்தமிடும் சித்திக்கும் வரவில்லை.

மூன்றாவது ஊசி

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். சொவெட்டோ ஆய்வில் மூன்று டோஸும் பதினாலு வாரத்துக்குள் முடிந்துவிட்டன, பிறகு ஊக்க ஊசி கிடையாது. ஏறக்குறைய ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது மற்றக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு நன்றாகவே நின்றிருந்தது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வெகுவாகக் குறைந்திருந்தது. ஆக, முதல் சில மாதங்களில் ஊட்டிய ஞாபகத்தைப் பிறகு ஒரு தடவை கிளறிவிட்டாக வேண்டும் என்று எண்ணித்தான் நம் அட்டவணை 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று அமைந்தது. முதல் இரண்டு டோஸுக்குப் பிறகும் 6பி, 23எஃப் போன்ற சில வகைகளுக்கு ஆன்டிபாடி சோம்பலாகத்தான் ஏறும். மூன்றாவதில் ஞாபக செல்கள் விழித்து அளவு எகிறும்.

மாதி குழு பிறகு, முதலில் ஒன்று, பின்னால் ஊக்கம் ஒன்று என்று இரண்டோடு நிறுத்தலாமா என்றும் 600 குழந்தைகளில் பார்த்தது. ஊக்க ஊசிக்குப் பிந்திய ஆன்டிபாடி அளவு ஏறக்குறைய ஒத்து வந்தது. இங்கிலாந்து 2020இல் அப்படி மாறியே விட்டது. கவனியுங்கள், அவர்கள் குறைத்தது முதல் டோஸ்களில் ஒன்றை. கடைசி டோஸில் கை வைக்கவில்லை.

மாதி இப்போது அதே கேள்வியை இன்னும் முன்னால் கொண்டுபோயிருக்கிறார்: பிறந்த முதல் வாரங்களிலேயே கொல்லும் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவுக்கு எதிராக, ஊசி போட்டுக் குழந்தையின் உடம்பு பாடம் படிக்கும்வரை நேரமே இல்லை. அதனால் கர்ப்பிணிக்குப் போட்டு, தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகட்டும் என்று. ஆறு வகைகளுக்கான ஊசியை இந்த நாட்டில் 360 கர்ப்பிணிகளிடம் சோதித்த முடிவு 2023இல் வந்தது. ஆன்டிபாடி பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வகுப்பில் அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "அந்தப் புத்தகம் கையில இருக்காம்மா?" என்று கேட்டேன். பையிலிருந்து குழந்தையின் தடுப்பூசிப் பதிவு உள்ள ரோட் டு ஹெல்த் புத்தகத்தை எடுத்தாள். தட்டம்மை ஊசி ஆறாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் போய்விட்டதால் ஒன்பதாம் மாத வரிசையில் இந்த ஒரே ஊசிதான் இருக்கிறது, ஒரே ஊசிக்காக வேலையை விட்டு கிளினிக் வாசலில் காத்திருக்க வேண்டுமா என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பிறந்த தேதியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினேன். குழந்தைக்குப் பத்தரை மாதம். ஒன்பதாம் மாதக் கட்டம் காலி.

"நேரம் தாண்டிப் போச்சே அங்கிள், இனிமே போட மாட்டாங்களோ?"

"போடுவாங்கம்மா. திங்கட்கிழமை காலைல போ."